தட்டாதெருச் சந்தி, ஓட்டோத் தரிப்பிடம்

நாங்கள் ஆறு பேர்.
நிமலரூபனுக்குக் காது கேளாது.
முதல் மாதம் முழுக்க அவனிடம்
உரக்கக் கத்திக்கொண்டிருந்தோம்,
விளங்காதது எங்களுக்குத்தான் என்று விளங்காமல்.

பிறகொருநாள் யூட் கேட்டான்,
“தேத்தண்ணிக்கு என்னடாப்பா?”
ஒரு கையை உயர்த்தி மறுகையைத் தாழ்த்தி
ஆற்றிக் காட்டினான்.

ஆஸ்பத்திரிக்கு நாடி பிடிக்கவேணும்.
பொலிசுக்குத் தோளில் இரண்டு விரல்.
கடனுக்கு அவன் சொல்லித்தரவே தேவைப்படவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் என் விரல்கள் விறகு.
மகளுக்குக் கலியாணம் என்று சொல்லப்போய்
மகளுக்கு மாடு என்றேனாம்.
சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணி அவனுக்கு.
பிறகு என் சின்னவிரலைப் பிடித்து
மடக்கிவிட்டான்.

இப்போது கே.கே.எஸ். வீதிக்கு அந்தப் பக்கம் நின்றே
விலை பேசுகிறோம், பொய் சொல்கிறோம்,
பெற்றோல் வரிசையில்
சத்தமில்லாமல் சண்டை பிடிக்கிறோம்.

நேற்று எட்டு மணிக்குக் கரண்ட் போனது.
நிமலரூபன் தன் மைத்துனரின் காணிவழக்கைச்
சொல்லிக்கொண்டிருந்தான்.
தீர்ப்பு வரும் இடம்.
எங்களுக்குள் வாயால் கதைத்திருக்கலாம்.
ஒருவரும் கதைக்கவில்லை.

சிவபாதம் எழும்பிப்போய்
ஓட்டோவின் ஹெட்லைற்றைப் போட்டான்.
எதிர்மதிலில் பனையளவு எழுந்தது ஒரு கை:

எங்கே விட்டனான்?