சராசரிக்கு டிரைவர் இல்லை

மாடல் ஓடி முடித்தது.
சுருக்க அட்டவணையில் மூன்று நட்சத்திரம்;
மேலாளருக்கு அதுவே போதும்.
எனக்குப் போதாது, எல்லைகளைக் கேட்டேன்.
இரண்டரை, தொண்ணூற்றேழரை என்று
தலைப்பிட்டு இரண்டு பத்திகள் வந்தன:
வரிசையில் ஒரு டிரெய்லர் கூடினால்
காத்திருப்பு கூடுவது
மூன்றரை நிமிடத்திலிருந்து நாலரைக்குள்.

இன்றிரவு பத்து மணிக்கு
எர்ணாவூரிலிருந்து துறைமுகக் கேட் வரை
அறுபது வண்டி.
உள்ளே போட்டால் வருகிறது
நாலு மணி நேரம், முன்னே பின்னே பத்து நிமிடம்.
என்ன ஒடுக்கம்!
கடைசி வண்டியில் தணிகை அண்ணன்.
போன் போட்டேன்.
"ரெண்டு மணிக்கு உள்ள பூடுவேண்ணே."
"எவன் சொன்னான்? முன்னாடி வண்டிக்காரன்
கதவப் பூட்டிக்கினு தூங்குறான்.
ஸ்கேனர் வேற படுத்துக்கிச்சு."

நான் கேட்டிருந்தது சராசரிக்கான இடைவெளி.
சராசரி எங்கேயும் நிற்பதில்லை.
அதற்குச் சர்க்கரை மாத்திரை கிடையாது,
டிபன் கேரியரில் ஊசிப்போகும் சோறு கிடையாது.

கட்டளையில் ஒரே ஒரு சொல்லை மாற்றி
ஒற்றை வண்டிக்குக் கேட்டேன்.
ஒன்றரை மணி முதல் ஆறரை மணி நேரம்.
அதே மாடல், அதே அறுபது,
அதே தொண்ணூற்றைந்து.

முதல் எண்ணைத்தான் கேட்பார்கள்;
வரைபடத்தில் பட்டை ஒல்லியாக விழும்.
போட்டேன்.
இரண்டாவதையும் போட்டேன்,
அடிக்குறிப்பில் இல்லை, பக்கத்திலேயே,
அதே எழுத்தளவில்.

மூன்றே முக்காலுக்கு ஒரு வாட்ஸ்அப்:
"தூங்குனவன் எழுந்தான்."

கோப்பில் நூற்றுப் பதினோராவது வரிசை
இன்னும் காலி.