ஆற்றுக்கு இந்தப் பக்கம்

விருசுழி ஆற்றில் தண்ணீர் ஓடியது
நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருடம்.
அதற்குப் பிறகு ஓடவில்லை.
தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் மட்டும்
நீல மையில் ஓடிக்கொண்டே இருக்கிறது,
மூன்றாவது வார்டையும் நான்காவது வார்டையும்
பிரித்தபடி.

கணக்கெடுப்புக்கு என்னைப் போட்டார்கள்.
ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவள்
ஊரைத் தெரிந்து வைத்திருப்பாளாம்.

வடக்குத் தெருவில் முதலாவது கானா வெனா வீடு.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
அறைகள் எத்தனை என்றேன்.
காவலுக்கு இருக்கும் சாத்தையா விரல் விட்டு எண்ணி
நாற்பத்தொன்றில் நிறுத்தினார்,
மிச்சத்துக்குச் சாவி மலேசியாவில்.
குடியிருப்பவர்கள்?
"படைப்புக்கு வருவாக. வந்தா எலை நூறு விழும்."
செயலியில் இலைக்குக் கட்டம் இல்லை.
பூஜ்யம் போட்டேன்.
அடுத்த வீடு பூஜ்யம்.
அதற்கடுத்த வீட்டில் புறாக்கள்.
இரண்டு பர்லாங்கு நடந்து
ஏழு பேரோடு வெளியே வந்தேன்,
அதில் மூன்று பேர் காவல்காரர்கள்,
ஒருவர் வீடு வாங்க வந்திருந்த சினிமாக் கம்பெனி ஆள்,
அவரையும் அழித்தேன்.

தெற்கே கரை இறங்கினால்
கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கி
ஐம்பத்திரண்டு வீடுகள்.
தகரம், கீற்று, பழைய தேர்தல் பேனர்.
ஒரு கதவு மட்டும் பர்மாத் தேக்கு,
எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை,
அதற்கும் கட்டம் இல்லை.

பஞ்சவர்ணத்தின் வாசலில் நின்று
புள்ளி வைக்கப் பார்த்தேன்.
செயலி மறுத்தது:
*இந்த இடம் நீர்நிலை.*
இரண்டடி தள்ளி நின்றேன். நீர்நிலை.
ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போனேன். நீர்நிலை.
முழங்காலில் புழுதியோடு
ஆற்றின் நடுவில் நின்றிருந்தேன்.

"நீங்க எந்த வார்டு?"
"ஓட்டுக் கேக்க ரெண்டு வார்டுக்காரகளும் வருவாக.
கொழா கேட்டா
இவுக அந்தக் கரையக் காட்டுவாக,
அவுக இந்தக் கரையக் காட்டுவாக."

வீட்டுக்காரர் பெயர் சேவுகன்.
குரோஷியாவில் மர அறுவை ஆலை.
போன மாசியில் போனவர்.
"ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா எழுத முடியாது."
"எடத்தக் கேட்டாலும் ஆறு,
ஆளக் கேட்டாலும் ஆறு.
ஒங்களுக்கு வேற கணக்கே வராதா டீச்சர்?"

அப்போதுதான் அவர் போனில் வந்தார்.
பின்னால் ஓர் ஆறு, நிஜமாகவே தண்ணீரோடு,
கரை தளும்ப, அவசரமே இல்லாமல்.
திராவா என்றார்.
அந்த மாவட்டத்துக்குப் பேரே
திராவா ஓரம் என்கிற மாதிரிதானாம்.
எதிர்க்கரை அனேகமாக வேறு தேசம்.
"அனேகமான்னா?"
"எப்பவோ வெள்ளத்துல ஆறு தடம் மாறிருச்சு.
எல்லைக்கோடு பழைய தடத்துலயே நிக்கிது.
அந்தப் பக்கம் மாட்டிக்கிட்ட வயலுக்கு
இந்தப் பக்கத்து ஆளு தோணியில போயி
உழுதுட்டு வாராரு.
ஆபீசுல அவரு பேரு இருக்கு."
கொஞ்சம் நிறுத்தி,
"எம்பேரையும் எழுதிக்கிட்டாக, எழுத்துப் பிழையோட" என்றார்.

பஞ்சவர்ணம் போனை வாங்கித்
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அங்க ஆறு போன எடத்துக்கு ஆளுக போறாக.
இங்க ஆளுக இருக்க எடத்துல
ஆறு இருக்குங்கிறாக."

அடுத்த கேள்வி: குடிநீர் எங்கிருந்து?
குழாய், கிணறு, அடிபம்பு, லாரி
என்று படித்துக்கொண்டே போனேன்.
அவள் எழுந்து கொல்லைக்குக் கூட்டிப் போனாள்.
மணலில் இடுப்பளவுக் குழி,
அடியில் ஒரு சிரட்டை அளவு ஊற்று,
ராத்திரி முழுக்கக் கசிந்தால் மூன்று குடம்.

"ஆறுன்னு இருக்கா அதுல?"
இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில்.
"அதையே போடுங்க."

தொட்டேன்.
செயலி ஒரு பேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.
வார்டு கட்டம் இன்னும் சிவப்பாகவே இருந்தது,
வெயிலில் திரை வேறு சரியாகத் தெரியவில்லை.
அடுத்த வீட்டில்
நாயைக் கட்டச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.