நூறு கண்ணி

சீமைக்குப் போய்த் திரும்பிய ராஜா
முதலில் கொண்டுவந்தது கடிகாரம்.
அதை யாரும் எதிர்க்கவில்லை.
அடுத்தது சங்கிலி:
நூறு கண்ணி, இரு முனையிலும் கைப்பிடி,
பத்துக்கு ஒரு பித்தளை வில்லை.

கல்லலுக்குக் கிழக்கே செம்புராங்கல் பொட்டலில்
சர்வே அமீன் அதை விரித்தபோது
வலையன் சாத்தன் குனிந்து பார்த்தான்.
"கண்ணி என்கிறீர்கள்.
எதைப் பிடிக்க?"

காட்டை என்று யாரும் சொல்லவில்லை.
கல் நட்டார்கள்.
முயலுக்கு ஓரணா, கவுதாரிக்குக் காலணா,
வலைக்கு லைசென்ஸ்.
உடும்பு சர்க்கார் சொத்து.
அதே வண்டியில் வந்திறங்கிய டிரஸ்ஸர்
பிள்ளைகளுக்கு அம்மை குத்த
ஊசியைக் காய்ச்சினான்.
ஒரே வண்டி, ஒரே முத்திரை.
எது எதுவென்று யார் பிரித்துச் சொன்னது?

ஆடி இருபத்தொன்று, இரவு.
கொம்பு ஊதவில்லை, கூச்சல் இல்லை.
முயலை வளைக்கிற மாதிரியே
காற்று வாடை காட்டிக்கொடுக்காத பக்கமாக வளைத்தார்கள்.
கூடாரத்தின் மேல் வலை விழுந்தது.
அமீன் வேட்டியில்லாமல் மானகிரி வரை ஓடினான்.
டிரஸ்ஸரும் ஓடினான்;
அவன் பெட்டி மிதிபட்டது.
சங்கிலியை அறுத்து
வீட்டுக்கொரு கண்ணி பங்கு வைத்தார்கள்.
வலை ஓரத்துக்கு நல்ல கனம்.

நான் பெரியணன் செட்டியார் வீட்டுக் கணக்கன்.
பர்மாத் தேக்குத் தூணடியில் உட்கார்ந்து
ராஜா பற்றில் எழுதினேன்:
சிப்பாய்களுக்கு அரிசி, பதினெட்டு மூட்டை.
வெடிமருந்து, இரண்டு பீப்பாய்.
கயிறு, மூன்று.
கயிறு எதற்கென்று கேட்கவில்லை.
கணக்குக்கு அது வேண்டாம்.
சந்தைப்பேட்டைப் புளியமரம்
வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டது.

பங்குனியில் அம்மை வார்த்தது.
வலையக்குடியில் பதினோரு பிள்ளைகள்.
கயிற்றைவிட எட்டு அதிகம்.
இதை யார் பற்றில் எழுத?
ராஜா பற்றிலா, சாத்தன் பற்றிலா?
ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்தேன்.
பேரேட்டில் அதற்குப் பக்கமில்லை.

சித்திரையில் சாத்தன் பெண்டாட்டி அடைக்கி
தேன் விற்க வந்தாள்.
இடுப்பில், பிழைத்த ஒன்று,
முகமெல்லாம் தழும்பு.
அதன் அரைஞாணில் பித்தளை வில்லை,
நாலு பல் வைத்தது:
நாற்பதாம் கண்ணியின் அடையாளம்.
துப்புக்கு ஐம்பது ரூபாய் என்று
எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தது.
"என்னடா அது, மின்னுது?" என்றார் செட்டியார்.

"தாயத்துங்க."

தேனை நிறுத்தேன்.
கை நடுங்கியதில்
அரை ரூபாய் கூட எழுதிவிட்டேன்.
ஆவணியில் அதைக் கண்டுபிடித்து
சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.