கட்டுப்படியாகாத மூலை

விடியுமுன் மாட்டுத்தாவணிச் சந்தையில்
பன்னிரண்டு கிலோ சாளை, நாலு கிலோ நெத்திலி.
எக்செல் வண்டியின் பின்னால் ரெண்டு கூடை, ஒரு தராசு.
பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் போடுவதில்லை.

சிந்தாமணி தாண்டி
சாமநத்தம் கண்மாய்க் கரையில் ஏறும்போது
ஆலாக்கள் வேலைக்கு வந்திருக்கும்.
வாடைக்கு முகம் கொடுத்து
சிறகை விரித்தபடி நிற்கும்.
காற்றே தாங்கிக்கொள்கிறது, கூலி கேட்காமல்.

காற்று செத்த நாளில்
அதே பறவைகள் கருவேலங்கட்டையில் உட்கார்ந்திருக்கும்.
பசி இல்லாமலா?
அந்தரத்தில் அடித்து நிற்கிற செலவை
ஒரு கெண்டைக்குஞ்சு அடைக்காது.
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
கரைச் சரிவில் நானும்
வண்டியை அணைத்துவிட்டுத்தான் உருள்கிறேன்.

கல்லம்பலுக்கு அந்தப் பக்கம் சூளை வீடுகள்.
போக ஆறு, வர ஆறு.
பதினொரு வீடு; வாங்கினால் கால் கிலோ,
அதிலும் பாதி கடன்.
ஐப்பசியில் அந்தப் பாதையை விட்டேன்.
விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
ஒருநாள் ஹேண்டில்பார் தானாகத் திரும்பியது.

கண்மாயிலும் அப்படி ஒரு மூலை.
வடகிழக்கே, புளியமரங்கள் வாடையை மறிக்கிற இடம்.
ஆலா ஒன்றும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.
சாயங்காலம் அங்கேதான்
குஞ்சுமீன்கள் துள்ளித் துள்ளி விழும்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம்
ஊர் பாதி மாலை போட்டிருந்தது.
மதியம்வரை ஒரு கூடை குறையவில்லை,
ஐஸ் உருகிக் கால்வழியே வடிந்தது.
போனேன்.
சூளைப் புகைக்குள்ளிருந்து ஜெபமாலை கத்தினாள்:
"ஒச்சம்மா! செத்துட்டியோன்னு நெனச்சோம்டி!"
சட்டி, வாளி, ஒருத்தி மடியையே ஏந்தி வந்தாள்.
கூடையைக் கவிழ்த்துத் தட்டினேன்.
செதில் மட்டும்.
மூன்று பேர் பழைய பாக்கியைக்கூட.

திரும்புகையில் கரைக்கு முன்பே பெட்ரோல் தீர்ந்தது.
தள்ளினேன்.
வந்த லாபம்
முழங்கால் வழியாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

காற்றில்லை.
மற்றதெல்லாம் கட்டையில் இருக்க
ஒரே ஒரு ஆலா, புளியமர மூலையில்
படபடவென அடித்து நின்றது.
விழுந்தது. எழுந்தது.
அலகில் மின்னியது மீனா வெயிலா தெரியவில்லை.
கட்டுப்படியாகுதா என்று கேட்க
எனக்கு மூச்சில்லை.