முந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே

உலான்பாத்தரில் இரவு மூன்று மணி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆம்புலன்ஸ் அழைப்பறையில் ஆறு மேசை, நான்கு பேர்.
புது ஹெட்செட் வந்திருக்கிறது.
பெட்டிக்குள் எட்டாய் மடித்த தாள்:
சீனம், ரஷ்யன், ஆங்கிலம்.
எங்கள் மொழிக்கு மடிப்பு போதவில்லை போலும்.
ரஷ்யனைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

எடை எழுபத்து நான்கு கிராம்.
ஒரு முட்டையும் கொஞ்சமும்.
பன்னிரண்டு மணிநேரம் கழித்து எவ்வளவு என்று
போடவில்லை.

கம்பி, சுருள் வகை. இழுத்தால் இரண்டு மீட்டர்.
என் நாற்காலியிலிருந்து ஜன்னல் இரண்டே கால்;
அளந்திருக்கிறேன்.
பனி விழுகிறதா என்பதை
ஓட்டுநர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.

மின்மறிப்பு முப்பத்திரண்டு ஓம்.
பழையதில் நூற்றைம்பது.
கூட இருந்தால் நல்லது என்றே நினைத்திருந்தேன்,
சம்பளம் மாதிரி.
இல்லையாம்.
மறிப்பு ஏற ஏற, குரலைத் தள்ளப் பெட்டிக்குத் தெம்பு வேண்டும்.
எங்கள் பெட்டிக்குத் தெம்பில்லை.
அதனால்தான் இத்தனை காலம்
எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்தே பேசினார்கள்.
நான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு காது மாடலும் உண்டு, விலை குறைவு.
நிர்வாகம் இரு காது வாங்கிவிட்டது.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விட
இனி வழியில்லை.

உச்ச ஒலி நூற்றுப் பதினெட்டு டெசிபெல்.
அதற்கு மேல் வந்தால் தானே நறுக்கிவிடும்,
ஊழியர் செவிப் பாதுகாப்பு கருதி.
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
அக்டோபரில் நலாய்ஹ் பக்கமிருந்து ஒருத்தி,
சுரங்க வாயிலில் நின்றபடி.
அவளுடையது எத்தனை இருந்திருக்கும்?
நறுக்கிய மீதி எங்கே போய் விழும்?

மைக்குக்கு இரண்டு துளை.
இரண்டிலும் சமமாய் நுழைந்தால் இரைச்சல்,
ஒன்றில் மட்டும் ஓங்கி நுழைந்தால் குரல்.
பக்கத்து மேசையில் தூல்மா மூக்கைச் சிந்துகிறாள்,
திங்கட்கிழமை அவளுக்கு நீதிமன்றக் கடிதம் வந்தது.
என்னை அழைப்பவர்களுக்கு
அவள் கழிக்கப்பட்ட இரைச்சல்.

அலைவரிசை முந்நூறிலிருந்து மூவாயிரத்து நானூறு ஹெர்ட்ஸ்.
ஆண்குரலின் அடி நூறு, நூற்றிருபதில் கிடக்கிறது.
அப்படியானால் அது வந்து சேர்வதே இல்லை.
மேலே வரும் இழைகளைப் பார்த்து
அடியைக் காது தானே கட்டிக்கொள்ளும் என்றான்
ஒயர் பொருத்த வந்த புரேவ்ஜாவ்,
இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கிழித்தபடி,
ஏதோ விலைவாசி சொல்வதுபோல.
பதினோரு வருடம்
நான் கேட்ட ஆண்கள் எல்லாரும்
பாதி அவர்கள், பாதி நான்.

மூன்று இருபத்தாறு. விளக்கு எரிகிறது.
செருகுகிறேன்.
முதல் தடவையாக ஒருவன் எச்சில் விழுங்குவது கேட்கிறது.
கூடாரம், கரியடுப்பு, அப்பா எழவில்லை,
எனக்கும் தலை சுற்றுகிறது.
"கதவைத் திற. மற்றதெல்லாம் அப்புறம். கதவு."
பதினேழாம் வண்டியைத் தட்டிவிடுகிறேன்.
ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
காற்று முந்நூறுக்குக் கீழே, அது வராது.
ஒரு நாய் வருகிறது. கீல் வருகிறது.
எதையோ இழுக்கும் சத்தம், நிற்கிறது,
மறுபடி.
எழுந்து நின்றிருக்கிறேன் போல,
கம்பி முழுக்க நீண்டு, சுருளெல்லாம் நேராகி,
கண்ணாடிக்கு ஒரு முழம் இப்பால்.
தூல்மா மூக்கைத் துடைக்காமல் என்னையே பார்க்கிறாள்.

இருமல்.
இன்னொரு இருமல், தடித்தது, வயதானது.
அதன் அடியை என் காதே கட்டியிருக்கலாம்.
இருக்கட்டும்.

உட்கார்ந்து தாளை மடிக்கப் பார்த்தேன்,
பழைய மடிப்புக்குத் திரும்பவில்லை.
கடைசி வரி உத்தரவாதம்:
ஒரு வருடம்,
காதுப் பஞ்சு நீங்கலாக.