கூடை வந்திட்டா?

உள்ளுக்கு வர ஏலாதாம்.
"சந்திக்கு வாங்க அக்கா, பார்மசிக்கு முன்னால நிக்கிறன்."
பதினொரு மணி வெயில்.
பெரியகல்லாற்றில் அந்த நேரம்
தார் றோட்டில் செருப்பு ஒட்டும்.
மீன் கழுவின கை மணக்க மணக்க ஓடினேன்.

கூடையைத் தர முதல் போனை நீட்டினான்.
"சிரிங்க அக்கா, கொம்பனிக்கு அனுப்பணும்."
சிரித்தேன்.

படத்தில் பதினொரு பொருள்.
தவநேசன் தோஹாவிலிருந்து வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்,
இது உனக்கு, இது மகனுக்கு, இது ரெண்டு பேருக்கும்.
மேசையில் வைத்து எண்ணினேன். ஆறு.
சொக்லேட் உருகி, திரும்ப இறுகி
வெள்ளை பூத்துக் கிடந்தது.
அப்பிள் மூன்று. ஒன்றில் யாரோ விரல் பதித்த பள்ளம்.
நான் கடனுக்கு வாங்குகிற அதே பிஸ்கட்.
கரடிப் பொம்மைக்குப் பதிலாக ஒரு குவளை.
மிச்சமெல்லாம் கிழித்துச் சுருட்டிய கடதாசி;
முழங்கைவரை கையை விட்டுத் துழாவினேன்,
கடதாசி, கடதாசி.

"கையிருப்பில் இல்லாதவிடத்து
சம பெறுமதியுள்ள வேறு பொருள் வைக்கப்படும்."
எறும்பு எழுத்து. அதையும் வாசித்தேன்.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றால்
சாரத்தில் அவர் நின்ற எத்தனை பகல்
என்று எனக்குக் கணக்குத் தெரியும்.
இங்கே எழுத மாட்டேன்.

பிறகுதான் அட்டை.
தங்க நூல் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தேன்.
"சீக்கிரம் குணமடையுங்கள், அங்கிள்.
உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம்.
ஜெறோம் குடும்பத்தினர்."

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
எங்கள் ஏழாவது கலியாண நாள்.

அன்றிரவு, எட்டுப் பேர் படுக்கிற அறையில்
போர்வைக்குள் முகத்தை நுழைத்துக் கேட்டார்:
"கூடை வந்திட்டா?"
"ஓம், வந்திட்டு."
"எல்லாம் இருந்ததா? கரடி?"
"மகன் அதோடதான் படுத்திருக்கான்."
கமராவைத் திருப்பச் சொல்வாரோ என்று
லைட்டை அணைத்தேன்.
"நான் எழுதினதை வாசிச்சியா?"

எழுதுகிற ஆளில்லை அவர்.
சாப்பிட்டியா, காசு வந்ததா, கவனம்.
இந்த மூன்றிலேயே குடும்பம் நடத்துகிறவர்.
"வாசிச்சன்" என்றேன். "அழுதிட்டன்."
அதில் பாதி உண்மை.
வெகுநேரம் அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பிறகு, "சரி, கவனம்."

மறுநாள் களுவாஞ்சிக்குடிக்குப் போய்
ஒரு கரடி வாங்கினேன், ஆயிரத்து நானூற்றைம்பது.
படத்தில் பழுப்பு, கிடைத்தது நீலம்.
இரவு வீடியோவில் எல்லாம் ஒரே நிறம்.

நான்கு நாள் அழைத்தபின் ஒரு பெண்குரல்.
"அப்பிளை விடுங்க தங்கச்சி, கரடியையும் விடுங்க.
எனக்கு வரவேண்டிய அட்டையில
என்ன இருந்தது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்க."
விசைகள் தட்டுப்படும் சத்தம்.
"மேடம், இந்த ஓடர் முடிஞ்சுது.
அனுப்பினவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கார்.
'மனைவிக்கு மிகவும் பிடித்தது, அழுதுவிட்டாள்'
என்றும் எழுதியிருக்கார்.
உங்கட போட்டோவும் இருக்கு. சிரிக்கிறீங்க."

என் பொய்யை எனக்கே
பிழையில்லாமல் வாசித்துக் காட்டினாள்.
"அட்டை, தங்கச்சி?"
"அதை அனுப்பினவருக்குத்தான் சொல்லலாம், மேடம்."

எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில்
சேலைன் ஏறுகிற கையால் கண்ணாடியைத் தேடி
யாரோ ஒரு மனிசன்
என் புருசன் எனக்கு எழுதினதை வாசித்திருப்பார்.
மனைவி வருமுன் தலையணைக்குள் செருகினாரோ,
தாதியிடம் காட்டிச் சிரித்தாரோ.
அங்கிள்,
சுகமாகிட்டீங்களா?

கூடையில் இப்போது வெங்காயம்.
குவளையில் மகனின் பென்சில்கள்.
நேற்றுச் சொன்னார்:
"வாற மாசம் உன்ட பிறந்தநாள்.
அதே கொம்பனிதான், இந்த முறை பெரிய கூடை.
நல்ல ஆக்கள், என்ன?"
"நல்ல ஆக்கள்" என்றேன்.
"ஆனா எழுதுறதை
நீங்களும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.
"அதுக்குத்தானே அட்டை" என்றார்.