சுமைகூலி

பதினேழு இருக்கைகளைக் கழற்றிவிட்ட டெம்போ டிராவலர்.
ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு,
மேசை என்று நானே சொல்லிக்கொள்ளும் பலகை,
பின்சக்கரத்துக்கு மேலே பேட்டரி.
ஹெண்ணூர் தாண்டி, மூடிக்கிடக்கும் மார்பிள் கிடங்கின் வளாகத்தில்
மாதம் நாலாயிரத்துக்கு நிற்கிறது என் வீடு.
எனக்கு ராத்திரி வேலை.
ஒஹையோவில் ஒருவர் முழங்கால் மாற்றிக்கொள்கிறார்,
காப்பீடு செல்லுமா என்று நான் பார்க்கிறேன்.
அதற்கு நெட் வேண்டும், நெட்டுக்கு ரவுட்டர்,
ரவுட்டருக்குக் கரண்ட்.

மூன்று மணிக்குச் செத்துப்போகும்.
விளக்குகள் ஒவ்வொன்றாக இல்லை,
ஒரே அடியாக.
முழங்கால்காரர் பாதியில் நிற்பார்.

எஸ்.பி. ரோட்டில், சைக்கிள் திரும்ப முடியாத சந்தில்
முனவ்வர் கடை.
"இப்ப எதுல ஓட்டறீங்க மேடம்?"
இன்வெர்ட்டரில், என்றேன்.
சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சிரித்தார்.
"பேட்டரி குடுக்கறது பன்னெண்டு.
அதை இருநூத்தி முப்பதா ஏத்தறீங்க.
அந்தக் குட்டி அடாப்டர் மறுபடி பன்னெண்டா இறக்குது.
ரவுட்டர் கேக்கறதே பன்னெண்டுதானே!"

ரவுட்டர் தின்பது அரை ஆம்பியர்.
இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்க ஒன்று.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.

நேராகவே கொடுத்துவிட்டால்?
"வண்டி ஓடறப்ப பதினாலரை வரும், அது எரியும்.
விடியக்காலையில பதினொண்ணரை, அது தூங்கும்.
நடுவுல இது இருக்கட்டும்."
தீப்பெட்டி அளவு. நானூற்றைம்பது ரூபாய்.
இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் இனாம்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா அழைத்தாள், மஸ்கட்டிலிருந்து.
தனா என்னிடம் ஏதோ கேட்கச் சொன்னானாம்.
தனா இருப்பது அல்சூரில்.
பஸ் அப்போதுதான் அல்சூர் ஏரியைக் கடந்துகொண்டிருந்தது.
வீடு விற்ற பணத்தில் தொடங்கி ஒன்றரை வருஷமாக
என் தம்பியும் நானும் கடல் தாண்டித்தான் பேசுகிறோம்.
அவன் அக்காவிடம் சொல்வான்,
அக்கா அழுது முடித்து எனக்குச் சொல்வாள்.
நான் சொல்வதில் பாதி வழியில் சூடாகிப் போகும்,
மீதி அவள் குரலில் போய்ச் சேரும்.
என்ன கேட்டான் என்றேன்.
மறந்துட்டேன்டி, என்றாள்.
வண்டியை எங்கே நிறுத்தியிருக்கேன்னு கேட்டான், வேறென்ன.

சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு.
இரண்டு தரம் பார்த்து, மூன்றாம் தரம் பயந்து, சொருகினேன்.
பச்சை.
இன்வெர்ட்டரை அணைத்ததும் அதன் விசிறி நின்றது.
இத்தனை மாதமாக அந்த ரீங்காரத்தை
ராத்திரியின் சத்தம் என்று நினைத்திருந்தேன்.
தகரக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது,
எப்போது தொடங்கியதோ.

எல்லாம் சரியா என்று ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன்.
யார் யார் உள்ளே: என் மடிக்கணினி,
என் ஃபோன்,
'தனா'.

பாத்திரம் பிரித்தபோது யாரும் கேட்காத பொருள் இந்த ரவுட்டர்.
அதன் பெயர் இன்னும் 'நாலாவது கிராஸ்'தான்.
கடவுச்சொல்லையும் நான் மாற்றவில்லை,
சோம்பல் என்று வையுங்கள்.
அவன் சட்டைப்பைக்குள் ஃபோன் தானாகவே
அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

சிக்னல் ஒரு கோடு.
கேட்டுக்கு வெளியே, அப்படியானால்.
ஹாரன் இல்லை. மாதேஷாவின் நாய் குரைக்கவில்லை.
ஐந்து நிமிஷம் ஒரு கோடு.
ஒருமுறை இரண்டானது, திரும்பவும் ஒன்று.
ஒஹையோ ஹலோ ஹலோ என்றது.

மூன்று மணிக்கு பேட்டரி எவ்வளவு இருக்குமோ தெரியாது.
படிக்கட்டு விளக்கைப் போட்டேன்.
பழைய பல்பு, இரண்டு ஆம்பியர் இழுக்கும்.
இழுக்கட்டும்.